வகுப்பறையில் மின்கதையும் மெய்நிகர் வேடமும்

கல்விக்கு வாயில்கள் இரண்டு. ஒன்று செவி, மற்றொன்று நா. கேட்டுக் கற்பது ஒரு பாதி. கற்றதைப் பிறருக்கு எடுத்துச் சொல்லித் தெளிவது மறு பாதி. நம் கல்லூரிகளில் முதற்பாதி குறைவின்றி நடைபெறுகிறது. பேராசிரியர் சொல்கிறார், நாம் கேட்கிறோம், குறிப்பெடுக்கிறோம், பருவத் தேர்வில் அக்குறிப்பைத் திருப்பி எழுதிவிடுகிறோம். இரண்டாம் பாதியின் நிலை என்ன? மூன்றாண்டுகள் ஒரே பெஞ்சில் அமர்ந்து, வருகைப் பதிவின்போது 'உள்ளேன் ஐயா' என்பதைத் தவிர வேறொரு சொல்லும் வகுப்பில் பேசாமலே பட்டம் பெற்றுச் செல்வோர் நம்முள் எத்தனை பேர்!

அவர்கள் அறிவிற் குறைந்தவர்கள் அல்லர். பேருந்து நிறுத்தத்திலும் விடுதித் திண்ணையிலும் அவர்கள் பேசக் கேட்டால் வியப்பே மிகும். குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதித்தவர்கள் அவர்களுள் பலர். பிழையாகப் பேசிவிடுவோமோ, நகைப்பார்களோ என்னும் அச்சம் அவர்கள் நாவைக் கட்டிப்போட்டுவிடுகிறது. அந்தக் கட்டை அவிழ்ப்பது எவ்வாறு?

உலகின் பல்கலைக்கழகங்கள் சில இதற்கென இரு முறைகளைக் கையாண்டு பார்த்திருக்கின்றன. ஒன்று, மாணவன் தன் குரலில் பேசக் கற்பது, அது மின்கதை. மற்றொன்று, பிறர் குரலில் பேசக் கற்பது. அது மெய்நிகர் வேடம். இரண்டுக்கும் கணினியோ கைப்பேசியோ வேண்டும் என்பது உண்மை. ஆயினும் இவற்றின் உயிர் கருவியில் இல்லை. கருவியைத் தொடுமுன் செய்யும் உழைப்பிலும், கருவியை மூடிவைத்த பின் நடக்கும் உரையாடலிலும் இருக்கிறது என்பதே என் கருத்து. அதனை இக்கட்டுரையில் விளக்க முயல்கிறேன்.

மின்கதை - தோற்றம்

ஆங்கிலத்தில் 'டிஜிட்டல் ஸ்டோரிடெல்லிங்' என வழங்குவதை இங்கு மின்கதை எனக் குறிக்கிறேன். ஒருவர் தம் வாழ்வில் கண்ட ஒன்றைத் தாமே எழுதி, தம் குரலிலேயே பதிவு செய்து, தம்மிடமுள்ள ஒளிப்படங்களை அக்குரலுக்கு இசையக் கோத்து, இரண்டு மூன்று நிமிடங்களில் ஓடும் சிறு படமாக்குவதே மின்கதை. நடிகர் இல்லை, பெரிய கேமரா இல்லை, அரங்கம் இல்லை. ஒரு குரல், சில படங்கள் - அவ்வளவே.

இம்முறை அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் பிறந்தது. டானா ஆட்ச்லி என்னும் மேடைக் கலைஞர் 1990களின் தொடக்கத்தில் தம் வாழ்க்கைக் கதைகளை ஒரு நிகழ்ச்சியாக நடத்தி வந்தார். மேடையில் விறகுக் கட்டைகளை அடுக்கி, நெருப்பு எரியவேண்டிய இடத்தில் ஒரு தொலைக்காட்சிப் பெட்டியை வைத்து, அதில் ஓடும் தீயின் முன் அமர்ந்து கதை சொல்வார். பின்திரையில் அவர் வீட்டுப் பழைய படங்கள் தோன்றி மறையும். பழங்கால மனிதன் குளிர்காய்ந்துகொண்டே கதை சொன்ன அந்த நெருப்பைக் கருவி யுகத்திற்குக் கொண்டு வந்த காட்சி அது. நாடக அரங்கு நடத்திவந்த ஜோ லாம்பர்ட், நீனா மல்லன் ஆகியோருடன் சேர்ந்து ஆட்ச்லி 1994இல் சான் பிரான்சிஸ்கோவில் ஒரு மையத்தை நிறுவினார். அம்மையம் 1998இல் பெர்க்லி நகருக்கு மாறி, மின்கதை மையம் என்னும் பொருளுடைய பெயரைப் பெற்றது. 2015 முதல் அதன் பெயர் ஸ்டோரிசென்டர்.

அங்கிருந்து இம்முறை கடல் கடந்து பிரிட்டனின் வேல்ஸ் பகுதிக்குச் சென்றது. கார்டிஃப் பல்கலைக்கழகத்தில் கற்பித்த டேனியல் மெடோஸ் ஓர் ஒளிப்படக் கலைஞர். 1973ஆம் ஆண்டிலேயே ஒரு பழைய மாடிப் பேருந்தை வாங்கி, ஊர் ஊராக ஓட்டிச் சென்று, எளிய மக்களைப் படமெடுத்து அவர்களுக்கே இலவசமாகக் கொடுத்தவர். படம் எடுத்தாயிற்று, ஆனால் படத்தில் இருப்பவர் பேசவில்லையே என்னும் குறை நெடுநாள் அவர் தொழிலைத் தொடர்ந்த குறை. அக்குறைக்கு மருந்தாக மின்கதை வாய்த்தது. பி.பி.சி. நிறுவனமும் கார்டிஃப் பல்கலைக்கழகமும் இணைந்து 2001 முதல் 2008 வரை வேல்ஸ் முழுவதும் பயிற்சிப் பட்டறைகள் நடத்தின. சுரங்கத் தொழிலாளிகளின் ஊர்களிலும் மீனவர் ஊர்களிலும் மக்கள் தங்கள் கதைகளை ஆங்கிலத்திலும் வேல்ஸ் மொழியிலும் ஆக்கினர். ஏறத்தாழ 250 சொற்கள், பன்னிரண்டு படங்கள், இரண்டு நிமிடம் என்பது அங்கு வகுக்கப்பட்ட அளவு.

இத்தனை கட்டுப்பாடு எதற்கு என்று கேட்கலாம். குறளுக்கு ஏழு சீர் எதற்கோ, அதற்கேதான். அளவு குறுகும்போது சொல் தன் எடையை உணர்கிறது.

ஆக்கும் முறை

மின்கதை ஆக்குவதில் ஐந்து படிகள் உள்ளன.

முதற்படி, கதை வட்டம். பத்துப் பன்னிரண்டு பேர் வட்டமாக அமர்ந்து, ஒவ்வொருவரும் தாம் சொல்ல எண்ணும் கதையைச் சில நிமிடங்களில் சொல்வர். மற்றவர் இடைமறிக்கக் கூடாது. சொல்லி முடித்த பின் கேட்டவர்கள் தங்களுக்கு எது விளங்கியது, எது விளங்கவில்லை என்று கூறுவர். இங்குக் கேட்பது பேசுவதற்கு இணையான வேலை. அங்குச் சொன்னது வட்டத்தை விட்டு வெளியேறக் கூடாது என்பது எழுதாத சட்டம்.

இரண்டாம் படி, எழுதுதல். முதலில் எழுதுவது எண்ணூறு சொல் வரும். அதை அடித்து அடித்து 250 ஆக்கவேண்டும். படம் காட்டிவிடுவதைச் சொல் மீண்டும் சொல்லத் தேவையில்லை என்பது அப்போதுதான் புரியும்.

மூன்றாம் படி, குரற்பதிவு. ஒலிக்கூடம் வேண்டியதில்லை. கதவு சன்னல்களை அடைத்து, மின்விசிறியை நிறுத்தி, தலைக்கு மேல் ஒரு போர்வையைப் போர்த்திக்கொண்டு கைப்பேசியில் பேசினாலே போதிய தெளிவு கிடைக்கும். அடாசிட்டி போன்ற இலவச மென்பொருளில் இடையிலுள்ள இரைச்சலை வெட்டிவிடலாம்.

நான்காம் படி, படம் தேர்தல். ஐந்தாம் படி, குரலையும் படத்தையும் கோத்து அனைவரும் கூடிப் பார்த்தல்.

நல்ல மின்கதைக்கு ஏழு கூறுகள் வேண்டும் என்று லாம்பர்ட் வகுத்தார். சொல்பவரின் நோக்கு, கேட்பவரை இறுதிவரை இழுத்துச் செல்லும் ஒரு கேள்வி, உணர்ச்சி, சொந்தக் குரல், அளவான இசை, சிக்கனம், நடையின் வேகம் என்பன அவை. இவற்றுள் முதலும் நான்காமுமே கடினமானவை என்பது என் பட்டறிவு.

பல்கலைக்கழக வகுப்பில் இதனை எவ்வாறு பயன்படுத்துவது? அமெரிக்காவின் ஹூஸ்டன் பல்கலைக்கழகத்தில் பெர்னார்ட் ராபின் என்னும் பேராசிரியர் மின்கதைகளை மூவகைப்படுத்தினார்: சொந்த வாழ்வைச் சொல்வன, வரலாற்று நிகழ்ச்சியை ஆராய்வன, ஒரு பாடத்தை விளக்குவன. ஆனால் இம்மூன்றும் தனித்தனிச் சுவர்களுக்குள் அடைபட்டவை அல்ல. ஒன்றில் தொடங்கி மற்றொன்றில் சென்று சேர்வதுதான் கல்வி. என் சொந்த முயற்சியையே அதற்குச் சான்றாகக் கூறலாம்.

வரலாற்றுத் துறையில் முதுகலை பயிலும் நான் என் ஆத்தாவைப் பற்றி ஒரு மின்கதை ஆக்கினேன். ஆத்தா காவிரிப் படுகையில் நடவு நட்டே ஓய்ந்தவர். முதல் வரைவில் நாற்று, சேறு, பச்சை வயல், நடவுப் பாட்டு என்று எழுதிச் சென்றேன். படித்துப் பார்த்த எங்கள் பேராசிரியர், "வயல் நன்றாயிருக்கிறது தம்பி. ஆத்தா எங்கே? நீ எங்கே?" என்று கேட்டார். மறுபடியும் ஆத்தாவிடம் போய் உட்கார்ந்தேன். "உங்களுக்குக் கூலி எப்படி அளந்தார்கள்?" என்று கேட்டதும் அவர் பேச்சே மாறிவிட்டது. எந்தக் களத்தில் மரக்கால் தலைதட்டி அளக்கப்பட்டது, யார் அளந்தால் குறையும், மடியில் நெல்லை வாங்கிக்கொண்டு வீடு வந்து முறத்தில் கொட்டியபின் தம் தாயார் எப்படி மீண்டும் ஒருமுறை அளந்து பார்ப்பார் என்று வரிசையாகச் சொன்னார். அந்த இரண்டாம் அளவைதான் என் கதையாயிற்று. கிழக்குத் தஞ்சைப் பகுதிக்கென 1969இல் இயற்றப்பட்ட நியாயக் கூலிச் சட்டம் எங்கள் பாடக் குறிப்பில் ஒரு வரி. அந்த ஒரு வரிக்குப் பின்னால் எத்தனை முறங்கள் இருந்தன என்பதை அதன் பிறகே உணர்ந்தேன். சட்டத்தைத் தேடிப் படித்தேன். அதன் பின்னணியைப் படித்தேன். தேர்வுக்காகப் படித்ததினும் கூடுதலாகவே படித்தேன்.

வீட்டுக் கதையிலிருந்து நாட்டு வரலாற்றுக்குப் போகும் இந்தப் பாதையே மின்கதை கல்விக்குத் தரும் கொடை.

மெய்நிகர் வேடம் - விளக்கம்

இனி, பிறர் குரலுக்கு வருவோம். ஒரு சிக்கலில் தொடர்புடைய மாந்தர்களின் இடத்தில் மாணவர்கள் தங்களை வைத்துக்கொண்டு, அவர்களாகவே எண்ணி, அவர்களாகவே பேசி, அவர்களாகவே முடிவெடுப்பது வேடமேற்றல் முறை. இதனை நேரில் நடத்தாமல் மின்னஞ்சல், இணையக் குழு, கணினியில் அமைந்த கற்பனை உலகம் ஆகியவற்றின் வழியே நடத்தினால் அது மெய்நிகர் வேடமாகிறது.

தமிழர்க்கு இந்த எண்ணம் புதிதன்று. சங்க அகப்பாடல்களில் புலவர் தம் பெயரால் பேசுவதில்லை. தலைவியாகப் பேசுவார், தோழியாகப் பேசுவார், செவிலியாகப் பேசுவார். ஆண்பாற் புலவர் பெண்ணின் மனத்துள் நுழைந்து பேசுவது அங்கு இயல்பு. அகத்துறைப் பாட்டில் மாந்தரின் இயற்பெயரைச் சுட்டக் கூடாது என்னும் மரபைத் தொல்காப்பியம் வகுத்தது. தெருக்கூத்திலோ, வேடமிட்டவர் திரைக்குப் பின் நின்று, கட்டியங்காரன் வினவ வினவத் தாம் இன்னார் என அறிவித்த பின்பே கதைக்குள் நுழைவார். பெயர் மறைத்தல், வேடத்தை முதலில் அறிவித்தல் என்னும் இவ்விரண்டும் இன்றைய மெய்நிகர் வேட முறையிலும் அடிப்படை விதிகள் என்பது எண்ணி மகிழத்தக்கது.

பல்கலைக்கழகங்களில் இது வளர்ந்த கதையைச் சுருக்கமாகக் காண்போம். 1950களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் ஹரால்டு கெட்ஸ்கோ என்பவர் மாணவர்களைக் கற்பனை நாடுகளின் தலைவர்களாக்கி, பன்னாட்டு உறவுகளைக் கற்பிக்கவும் ஆராயவும் முற்பட்டார். 1980களில் மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் ஜோனதன் வில்கன்ஃபெல்டு முன்னின்று நடத்திய 'ஐகான்ஸ்' என்னும் திட்டம், வெவ்வேறு பல்கலைக்கழக மாணவர்களைக் கணினித் தொடர்பின் வழியே நாடுகளின் பேராளர்களாகப் பேச்சுவார்த்தை நடத்தவைத்தது. இன்றைய இணையம் பரவுவதற்கு முன்பே நிகழ்ந்த முயற்சி இது.

இவற்றினும் நமக்குப் பாடமாகத் தக்கது ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரிலுள்ள மக்குவாரி பல்கலைக்கழகத்தில் 1990களில் நடந்தது. மேற்காசிய அரசியலைக் கற்பித்த ஆண்ட்ரூ வின்சென்ட், ஜான் ஷெப்பர்டு என்பவருடன் இணைந்து, அப்பாடத்தை மின்னஞ்சல் வழி வேடமாக மாற்றினார். மாணவர்கள் சிறு சிறு குழுக்களாகப் பிரிந்து, ஒவ்வொரு குழுவும் மேற்காசியத் தலைவர் ஒருவரின் பாத்திரத்தை ஏற்றது. முதலில் அப்பாத்திரத்தைப் பற்றி ஆராய்ந்து ஒரு குறிப்பு எழுதவேண்டும். பின்னர் ஆசிரியர் ஒரு நெருக்கடிச் சூழலை அறிவிப்பார். அதன்பின் பாத்திரங்கள் ஒன்றுக்கொன்று மின்னஞ்சல் வழியே தூது விடும், மிரட்டும், உடன்படும். இறுதியில் ஒரு மாநாடு. அதற்கும் பின்னர், வேடம் கலைந்து நடந்ததை ஆராயும் கூட்டம். சொற்பொழிவில் கேட்டால் ஒரு தரப்பு நல்லவர், மறு தரப்பு தீயவர் என்று எளிதாகத் தோன்றும் சிக்கல், வேடமேற்று ஒவ்வொரு தரப்பின் நெருக்கடியையும் தோளில் சுமக்கும்போது அவ்வளவு எளிதாகத் தோன்றுவதில்லை.

அடுத்து வந்தது கணினிக் கற்பனை உலகம். லிண்டன் லேப் என்னும் நிறுவனம் 2003இல் 'செகண்ட் லைஃப்' என்னும் உலகைத் திறந்தது. அதில் நுழைவோர் தமக்கென ஓர் உருவத்தை அமைத்துக்கொண்டு நடக்கலாம், பேசலாம், கட்டடம் எழுப்பலாம். 2006இல் ஹார்வர்டு சட்டப் பள்ளியின் பேராசிரியர் சார்லஸ் நெசனும் அவர் மகள் ரெபெக்கா நெசனும் ஒரு பாடத்தின் ஒரு பகுதியை அவ்வுலகில் அமைத்த தீவில் நடத்தினர். தொலைவிலிருந்து சேர்ந்த மாணவர்கள் அங்கு உருவெடுத்து வந்து கற்றனர். அக்காலத்தில் பல பல்கலைக்கழகங்கள் அங்கு இடம் வாங்கின. ஆனால் 2010இல் அந்நிறுவனம் கல்வி நிறுவனங்களுக்கு அளித்த கட்டணச் சலுகையை நிறுத்தப் போவதாக அறிவித்ததும் பல பல்கலைக்கழகங்கள் கடையைக் கட்டின. 2013இல் சலுகை திரும்பியபோது பழைய ஆரவாரம் இல்லை.

இதிலிருந்து நாம் கொள்ளவேண்டிய படிப்பினை ஒன்று உண்டு. பெருஞ்செலவில் ஒருவர் கட்டிய மாளிகையில் வகுப்பு நடத்தினால், அவர் வாடகையை உயர்த்தும் நாளில் வகுப்பும் தெருவுக்கு வரும். மக்குவாரியில் நடந்ததற்கு மின்னஞ்சல் போதுமானதாக இருந்தது. நமக்கு வாட்ஸ்அப் போதும்.

எங்கள் துறையில் ஒரு முயற்சி

சென்ற பருவத்தில் எங்கள் துறையில் காவிரி நீர்ப் பங்கீட்டை இம்முறையில் பயின்றோம். 25 மாணவர்கள், ஐந்து குழுக்கள். தஞ்சைப் பகுதி உழவர், மண்டியா உழவர், தமிழ்நாடு அரசு, கர்நாடக அரசு, பெங்களூர்க் குடிநீர் நுகர்வோர் என்பன பாத்திரங்கள். யாருக்கு எப்பாத்திரம் என்பது திருவுளச் சீட்டால் முடிவாயிற்று. குழுவுக்கு ஒரு கைப்பேசி. அதிலிருந்து பாத்திரத்தின் பெயரால் மட்டுமே செய்தி அனுப்பலாம். எழுதியவர் யார் என்பது மற்றக் குழுவினருக்குத் தெரியாது. பேராசிரியரே மேலாண்மை ஆணையமும் ஆனார்; மழையும் ஆனார்.

விதி ஒன்றுதான் கடுமையாக இருந்தது: ஆவணத்தில் இல்லாததைச் சொல்லக் கூடாது. ஆகவே முதல் இரண்டு வாரமும் நூலகத்திலேயே கழிந்தன. சென்னை மாகாணத்துக்கும் மைசூர் அரசுக்கும் இடையே ஏற்பட்ட 1892, 1924 ஆகிய ஆண்டுகளின் ஒப்பந்தங்களைப் படித்தோம். 1990இல் அமைந்த நடுவர் மன்றம் 2007இல் அளித்த இறுதித் தீர்ப்பில் மொத்தம் 740 டி.எம்.சி. என மதிப்பிட்டு, தமிழ்நாட்டுக்கு 419, கர்நாடகத்துக்கு 270, கேரளத்துக்கு 30, புதுச்சேரிக்கு 7 என வகுத்ததைக் குறித்துக்கொண்டோம். 2018இல் உச்சநீதிமன்றம் தமிழ்நாட்டின் பங்கை 404.25 ஆகக் குறைத்து, கர்நாடகத்தின் பங்கை 284.75 ஆக உயர்த்தியது. அந்த 14.75 டி.எம்.சி. எங்கிருந்து வந்தது? தமிழ்நாட்டின் நிலத்தடி நீரைக் கருதி 10. பெங்களூரின் குடிநீரைக் கருதி 4.75. இந்தக் கணக்கை எங்கள் வகுப்பில் இன்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள்.

பிறகு பத்து நாள்கள் வேடம். முதல் நாள் காலை, "குடகில் மழை பொய்த்தது, கண்ணம்பாடி அணையில் பாதிகூட நிறையவில்லை" என்று பேராசிரியரின் அறிவிப்பு வந்தது. அதன் பின் வகுப்பில் நடந்ததைச் சொல்லத்தான் இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன்.

மண்டியா உழவர் குழுவில் இருந்த மாணவி ஒருவர் படுகையில் நிலமுள்ள குடும்பத்தைச் சேர்ந்தவர். சீட்டைப் பிரித்ததும் முகம் வாடியது. "எங்கப்பாவுக்கு எதிரா நான் எப்படி சார் எழுதுறது?" என்றார். முதல் இரண்டு நாள் அக்குழுவின் செய்திகள் பெயருக்கு வந்தன. மூன்றாம் நாளிலிருந்து நடை மாறியது. "அணை எங்கள் கண்ணெதிரே இருக்கிறது. எங்கள் கரும்பு காயும்போது மதகு திறக்கிறது. 1924இல் கையெழுத்திட்டபோது எங்கள் மன்னருக்கு மேல் ஓர் ஆங்கில அரசு இருந்தது. எங்களிடம் யார் கேட்டார்கள்?" என்று எழுதினார்கள். தஞ்சை உழவர் குழு சும்மா இருக்குமா? "கல்லணை நின்ற காலத்தில் உங்கள் அணை எங்கே? மேட்டூரில் 1934இல் அணை கட்டி முடித்தது எந்த நம்பிக்கையில்? ஆடியில் நாற்றங்கால் விட்டவன் ஐப்பசியில் எங்கே போவான்?" என்று பதில் வந்தது. இரவு பதினொரு மணிக்கும் கைப்பேசி ஒலித்தது.

உடன்பாடு ஏற்பட்டதா? இல்லை. பங்கீட்டில் இரு தரப்பும் ஓர் அங்குலமும் நகரவில்லை. ஆனால் ஒன்பதாம் நாள் மண்டியா உழவர் குழுவிடமிருந்து எவரும் எதிர்பாராத ஒரு செய்தி வந்தது. "பிலிகுண்டுலு அளவு நிலையத்தில் உங்கள் ஊரார் இருவரும் எங்கள் ஊரார் இருவரும் சேர்ந்து நின்று அளவைப் பார்ப்போம். தண்ணீர் குறைந்தால் குறைந்தது என்றாவது இருவரும் நம்புவோம்" என்று கேட்டார்கள். தஞ்சைக் குழு ஒப்புக்கொண்டது. பத்து நாள் வழக்கில் கிடைத்த ஒரே உடன்பாடு இதுவே. அரசுகளாக வேடமேற்றவர்கள் இதை எண்ணவில்லை. உழவர்களாக வேடமேற்றவர்களே எண்ணினார்கள்.

பதினோராம் நாள் வேடம் கலைத்தோம். பெஞ்சுகளை வட்டமாகப் போட்டு இரண்டு மணி நேரம் பேசினோம். அந்த மாணவி சொன்னது என் நெஞ்சில் நிற்கிறது. "எங்கப்பா பக்கம்தான் நியாயம்னு இப்பவும் நினைக்கிறேன். ஆனா எதிர்ல நிக்கிறவனுக்கும் அப்பா இருக்காருன்னு இப்பத்தான் தெரியுது" என்றார். அக்குழுவின் கூர்மையான செய்திகளுள் பாதியை எழுதியவர் அவரும் அல்லர்; மூன்றாண்டுகளாக வகுப்பில் வாய் திறந்து நாங்கள் கேட்டிராத மற்றொரு மாணவர் என்பதும் அன்றுதான் வெளிப்பட்டது. முகத்தோடு பேச அஞ்சியவர் வேடத்தின் பின்னிருந்து பேசினார். வட்டத்தில் முதன்முதலாகத் தம் முகத்தோடும் பேசினார்.

எச்சரிக்கைகள்

எம்மருந்துக்கும் பத்தியம் உண்டு. இம்முறைகளில் காக்க வேண்டியவை சில உள.

முதலாவது, ஒப்புதல். மின்கதையில் வருவோர் நம் வீட்டாராகவே இருந்தாலும், கேளாமல் அவர் படத்தையோ கதையையோ பொதுவில் வைக்கக் கூடாது. என் ஆத்தா, "என் கையைப் போடு, குடிசையைப் போடாதே" என்றார். அந்தப் படத்தை விட்டுவிட்டேன். நாளை எத்தனை பேர் கைப்பேசியில் அது ஓடும் என்பதை நாம் அறியோம். நம்மினும் அவர் அதை நன்கு உணர்ந்திருந்தார்.

இரண்டாவது, மதிப்பெண். ஒருவர் தம் தாயின் துன்பத்தைச் சொல்ல, அதற்குப் பத்துக்கு ஆறு என்று எண் இடுவது தகுமா? தகாது. துன்பத்திற்கு அன்றி உழைப்பிற்கே மதிப்பெண் இடவேண்டும். எத்தனை முறை திருத்தி எழுதினார், எந்த ஆவணங்களைத் தேடினார், முடிவில் தாம் கற்றதை எவ்வாறு எழுதினார் என்பவற்றை மதிப்பிடலாம். வேடத்திலும் வென்றவருக்கு மிகுதி, தோற்றவருக்குக் குறைவு என்னும் முறை வேண்டா.

மூன்றாவது, புண்படாமை. எல்லா வரலாற்றையும் வேடமாக்க முடியாது, ஆக்கவும் கூடாது. சாதிக் கொடுமை, படுகொலை போன்றவற்றில் ஒரு மாணவரைக் கொடுமை செய்தவராகவும் மற்றொருவரை அதற்கு ஆளானவராகவும் நிறுத்துவது கல்வியாகாது. அதே வலியை வீட்டில் சுமந்து வந்தவர் அடுத்த பெஞ்சில் அமர்ந்திருக்கக் கூடும். அத்தகைய பொருள்களை விசாரணை ஆணையமாக, இதழாளராக, சட்டம் இயற்றுவோராக நின்று அணுகலாம்.

நான்காவது, வேடம் கலைத்தல். பத்து நாள் வேடம் நடத்த நேரம் இருக்கும். கலைந்து பேச இரண்டு மணி நேரம் இராது. அவ்வாறு விட்டால் வேடத்தில் மூண்ட சினம் விடுதி வரை தொடரும். பாடமும் பாதியில் நிற்கும். இந்தக் கூட்டத்திற்கு நாளை முதலிலேயே குறித்துவிட வேண்டும்.

ஐந்தாவது, சமன்மை. எல்லார் கையிலும் நல்ல கைப்பேசி இல்லை. எல்லா ஊரிலும் சிக்னல் இல்லை. 2020ஆம் ஆண்டின் பெருந்தொற்றுக் காலத்தில் இணைய வகுப்புக்காக மாடியிலும் ஏரிக்கரையிலும் நின்றவர்கள் இதனை நன்கறிவர். குழுவுக்கு ஒரு கைப்பேசி என்னும் ஏற்பாடு இதற்காகவே.

ஆறாவது, இக்காலத்துக்கே உரிய ஒன்று. கதையை எழுதித் தரவும், எழுதியதை இனிய குரலில் பேசித் தரவும், கேட்ட படத்தை வரைந்து தரவும் இன்று செயற்கை நுண்ணறிவுப் பொறிகள் உள்ளன. அவற்றிடம் கொடுத்தால் அரை மணி நேரத்தில் அழகான மின்கதை வந்துவிடும். ஆனால் அதில் ஆத்தாவின் முறம் இராது. தட்டுத் தடுமாறினாலும் சொந்தக் குரலில் பேசப் பழகுவதற்கே இந்த ஏற்பாடு. அதைப் பொறியிடம் ஒப்படைப்பது, நீச்சல் கற்கப் போனவர் படகில் ஏறிக் கரை சேர்ந்ததற்கு ஒப்பாகும். பிழை திருத்தவும் இரைச்சல் நீக்கவும் பொறி உதவட்டும்; சொல்லும் குரலும் நம்முடையனவாக இருக்கட்டும்.

முடிவுரை

தொகுத்துக் கூறின், தன் குரலில் பேசத் தெரியாதவர் பிறர் எழுதியதை ஒப்பிப்பவராகவே நின்றுவிடுவார். பிறர் குரலில் பேசிப் பாராதவர் தன் பக்கமே உலகம் என்றெண்ணி வாழ்ந்துவிடுவார். பட்டம் பெற்ற ஒருவருக்கு இவ்விரண்டும் நேரக் கூடாது. நாளை நாம் அலுவலகத்திலும் பள்ளியிலும் ஊராட்சியிலும் அமர்ந்து பிறர் வழக்கைக் கேட்கப் போகிறவர்கள்.

ஆகவே நம் கல்லூரிக்கு என் வேண்டுகோள் இரண்டு. துறைதோறும் பருவத்துக்கு ஒரு கதை வட்டமும் ஒரு வேடப் பயிற்சியும் நடத்தலாம். வேதியியலார் ஆலைக் கழிவைப் பற்றியும், பொருளியலார் நெல் கொள்முதலைப் பற்றியும், தமிழ்த் துறையினர் காப்பிய மாந்தரின் வழக்கைப் பற்றியும் வேடமேற்கலாம். அடுத்து, மாணவர் ஆக்கும் மின்கதைகளுள் உரியோர் ஒப்புதல் தந்தவற்றை நம் நூலகத்தில் சேமித்து வைக்கலாம். ஆண்டுக்கு ஐம்பது கதைகள் சேர்ந்தாலும் பத்தாண்டில் ஐந்நூறு ஆகும். எந்த அரசு ஆவணத்திலும் இல்லாத நம் வட்டாரத்தின் வாழ்க்கை அங்கே குரலாக இருக்கும்.

பணம் பெரிதாக வேண்டியதில்லை. வட்டமாகப் போடப் பெஞ்சுகள் உள்ளன. வழிகாட்டப் பேராசிரியர்கள் உள்ளனர். சொல்வதற்கு நம்மிடம் கதைகளும் உள்ளன. வருகைப் பதிவில் ஒலிக்கும் நம் குரல் அத்தோடு அடங்கிவிடாமல், வகுப்பு முடியும்வரை ஒலிக்கட்டும். நண்பர்களே, வாருங்கள், தொடங்குவோம்!